ஒரு வெள்ளி வைத்தியமும் ஊர் கூட்டிய பொருளும்: கெடாவில் புற்றுநோயாளர் நிதித்திரட்டின் சரித்திரம்

மலேசிய அரசாங்க மருத்துவமனையில் நாட்டின் பிரஜை ஒருவர் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் வெளிநோயாளர் பிரிவில் டாக்டரைக் கண்டு மருந்தும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். நிபுணரைப் பார்ப்பதற்கு ஐந்து வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் எத்தனை நாள் படுத்திருந்தாலும் கட்டணம் 500 வெள்ளியைத் தாண்டாது என்பது 1951-ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டத்தின் கீழ் 1982-இல் பிறந்த மருத்துவக் கட்டண ஆணையின் ஏற்பாடு. இத்தகைய நாட்டில், கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பீடோங்கிலும் பாடாங் செராயிலும், புற்றுநோய் கண்ட ஒரு தாயின் படமும் ஆஸ்பத்திரிக் கடிதத்தின் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் ஒருங்கே அமைந்த வேண்டுகோள்கள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் சுற்றிவருவானேன் என்ற கேள்வி நியாயமானது. இணையத்தின் வழியே நோயாளிக்குப் பொருள் திரட்டுவது அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய புதுப்பழக்கம் என்று கருதுவோர் உளர். கெடாவைப் பொறுத்தமட்டில் அக்கருத்து பாதியளவே மெய் என்பதும், இங்கே பழைமையான ஒரு தோட்டத்து வழக்கம் தன் இருப்பிடத்தை இழந்து வேறோர் இருப்பிடம் தேடிய கதையே பெரும்பான்மை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் செலவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் வைத்தியக் கட்டணத்தில் இல்லாத விடை வைத்தியத்தைச் சுற்றி நிற்கும் செலவுகளில் இருக்கிறது. அலோர்ஸ்டாரின் சுல்தானா பாஹியா மருத்துவமனையும் சுங்கைப்பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையும் பெரியவை. கூலிமிலும் பாலிங்கிலும் சிக்கிலும் மாவட்ட மருத்துவமனைகள் உண்டு. ஆயினும் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று வந்துவிட்டால் கெடாவின் நோயாளி பெரும்பாலும் பினாங்கு மாநிலத்துக்கே போகவேண்டியவராயிருந்தார். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நீளும் அச்சிகிச்சைக்குப் பாலிங்கிலிருந்தோ கோல கெட்டிலிலிருந்தோ போய்வரும் கூலிக்காரர் ஒருவர் தம் நாட்கூலியை இழக்கிறார். துணைக்குப் போகும் கணவனோ மகளோ தம் கூலியையும் இழக்கிறார். கார் வாடகை, பினாங்கில் தங்குமிடம், பத்தியச் சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் அரிசிக் காசு ஆகியவை எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. இவற்றுக்கு மேலாக, மார்பகப் புற்றுநோயின் ஒருவகைக்குத் தரப்படும் டிராஸ்டுஸுமாப் போன்ற விலையுயர்ந்த மருந்துகள் அரசாங்க மருத்துவமனைகளில் வரையறுத்த எண்ணிக்கையினருக்கே எட்டியமையால், எட்டாதவர் சொந்தப் பணத்தில் வாங்கவேண்டியதாயிற்று. கண்டறியும் பரிசோதனைக்குக் காத்திருக்க மனமில்லாமல் தனியார் மருத்துவமனைக்கு ஓடிச் சேமிப்பின் முதற்பகுதியை அங்கே கரைத்துவிட்டு, பிறகு அரசாங்க மருத்துவமனைக்கு வந்துசேர்வோரும் உண்டு.

எட்டு நாடுகளில் புதிதாகப் புற்றுநோய் கண்ட 9,513 பேரை ஓராண்டு காலம் தொடர்ந்து கவனித்து 2015-இல் பிரசுரமான ஆசியான் ஆய்வு, அவர்களுள் 29 விழுக்காட்டினர் அவ்வாண்டுக்குள்ளேயே மாண்டனர் என்றும், 48 விழுக்காட்டினர் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ கைப்பொருளாகச் செலவழித்துப் பொருளாதாரப் பேரிடருக்கு ஆளாயினர் என்றும் கணக்கிட்டது. மலேசியாவும் அவ்வெட்டு நாடுகளுள் ஒன்று. இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டியது தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு. 2012 முதல் 2016 வரை 115,238 நோயாளிகளைப் பதிந்த அவ்வறிக்கை, 63.7 விழுக்காட்டினருக்கு நோய் மூன்றாம், நான்காம் நிலைகளில்தான் தெரியவந்தது என்கிறது; அதற்கு முந்தைய ஐந்தாண்டுக் கணக்கில் இது 58.9 விழுக்காடாக இருந்தது. பிந்திக் கண்ட நோய்க்குச் செலவு அதிகம், பலன் குறைவு. வெற்றிலை பாக்கோடு புகையிலை அடக்கும் வழக்கம் வேரூன்றியிருந்த தோட்டப்புறத் தமிழரிடையே வாய்ப்புற்று அவர்களுடைய ஜனத்தொகை விகிதத்துக்குப் பன்மடங்கு மிகுதியாகக் காணப்பட்டதென்று பல் வைத்தியர்கள் பல பத்தாண்டுகளாகவே எழுதிவந்திருக்கின்றனர். பல்லில்லாத பாட்டியின் கன்னத்தில் ஆறாமலிருந்த புண் புற்றென்று தெரிவதற்குள் ஓராண்டு கழிந்துவிடுவது அங்கே அபூர்வமன்று.

கெடாவைப் பற்றி எழுதப் புகும் தமிழன் அதன் பழம்பெயரான கடாரத்தையும் 1025-ஆம் ஆண்டு ராஜேந்திர சோழனின் கடற்படையையும் தொடாமல் போவது அரிது. அவ்வழக்கத்தை நானும் காக்கிறேன். ஆனால் போரைச் சிறப்பிப்பதற்காக அன்று. கடாரத்தை வென்று அதன் மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொள்ளும் வீரராஜேந்திரன் காலத்ததே திருமுக்கூடல் கல்வெட்டு. அதில் பதினைந்து படுக்கைகளும், வைத்தியர் ஒருவரும், சல்லியக்கிரியை செய்வார் ஒருவரும், மருந்து கொணர்வாரும், நோயாளிகளைப் பேணும் பெண்டிரும் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர் சாலைக்கு இன்னின்னாருக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று நிவந்தம் வகுக்கப்பட்டிருக்கிறது. அங்கே படுத்த நோயாளி யாரிடமும் பொருள் கேட்கவேண்டியதில்லை. நிலத்தின் விளைச்சல் அவனுக்காக முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தது. நோய்க்குப் பொருள் தேடும் வழிகள் அடிப்படையில் இரண்டே: நோய் வருவதற்கு முன்பே வைத்த நிவந்தம் ஒன்று, வந்தபின் கையேந்தித் திரட்டும் தண்டல் மற்றொன்று. கெடாத் தோட்டங்களின் நூறாண்டுச் சரித்திரத்தில் முதலாவது சுருங்கச் சுருங்க இரண்டாவது விரிந்ததைக் காணலாம்.

1909-இல் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கைக்குக் கெடா மாறிய காலத்தையொட்டித் தென்கெடாவின் காடுகள் அழிந்து கித்தா என்னும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. ஹார்வர்டு, விக்டோரியா, டப்ளின், சுங்கை டிங்கின், பட்டாணி பாரா என்று கேட்டாலே ஒரு தலைமுறைக்குப் பால்வாளியின் வாடை நினைவுக்கு வரும். பெரிய தோட்டங்கள் தமக்கென ஆஸ்பத்திரி வைத்திருந்தன. சிறியவை சில சேர்ந்து பொதுவில் ஒன்றை நடத்தின. அதுவும் இல்லாத இடத்தில் ஒரு மருந்துக்கொட்டகையும், டிரசர் எனப்பட்ட ஒரு மருத்துவ உதவியாளரும் இருந்தனர். கம்பெனியின் நிவந்தம் என்று இதைச் சொல்வது உபசாரமாகாது. ஆள் படுத்துவிட்டால் மரம் வெட்டாமல் கிடக்கும் என்ற கணக்கே அதன் அஸ்திவாரம். மலேரியாவுக்குக் கொயினா, பாம்புக்கடிக்குக் கட்டு, பிரசவத்துக்கு ஒரு மருத்துவச்சி என்ற அளவில் அது நன்றாகவே நடந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவேட்டில் ஏற்றி அவர்களுடைய பதவிக்கு ஓர் ஒழுங்கையும் தந்தது. எனினும் டிரசரின் அதிகாரம் காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் யார் மெய்யாக நோயாளி, யார் பாசாங்கு செய்கிறார் என்று தீர்ப்பதில் பெரிதாகவும், மெல்ல வளரும் கட்டியை இனங்காண்பதில் சிறிதாகவும் இருந்தது. புற்றுநோயாளியை அவர் டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டெழுதி அனுப்புவார். அச்சீட்டோடு கம்பெனியின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்தது.

அவ்விடத்தில்தான் தண்டல் தொடங்கிற்று. சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் மேசை போட்டு எழுத்தராகிய கிராணி பெயர் கூப்பிட, வரிசையில் நின்று கூலி வாங்கித் திரும்புவோர் எதிரே, மளிகைக் கடைக்காரர் தம் கடன் புத்தகத்தோடும், கோயில் தலைவர் திருவிழாச் சந்தாப் புத்தகத்தோடும் நிற்பர். இவ்விருவருக்கும் பக்கத்தில், யார் வீட்டிலாவது பெருவியாதி கண்டிருந்தால், மேற்பார்வையாளரான மண்டோரோ தோட்டத்துப் பள்ளி ஆசிரியரோ ஒரு நாற்பது பக்க நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்நோட்டின் அமைப்பு கவனிக்கத்தக்கது. மேலே நோயாளியின் பெயரும் லயத்தின் (வரிசைக் குடியிருப்பின்) எண்ணும் இருக்கும். நோயின் பெயர் இராது. முதல் வரியில் தோட்டத்தில் மதிப்புள்ள ஒருவர், பெரிய கிராணியோ கோயில் தலைவரோ, ஐந்து வெள்ளியோ பத்து வெள்ளியோ எழுதிக் கையொப்பமிடுவார்; அத்தொகையே மற்றவர்களுக்கு அளவுகோல். அவருக்கு மேற்பட்டு எழுதுவது அவமரியாதை, மிகவும் கீழ்ப்பட்டு எழுதுவது தன்மானக் குறைவு. எழுதாமல் நழுவியவன் பெயர் எங்கும் எழுதப்படாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். கருணை, கூச்சம், அடுத்த மாதம் நமக்கும் வரலாம் என்ற அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த நோட்டை நிரப்பின.

இங்கே ஆதாரம் கேட்பார் இல்லை. படுத்திருப்பவளை அடுத்த லயத்துப் பெண்கள் குளிப்பாட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அவள் பங்கு மரங்களை அவள் கொழுந்தி வெட்டுகிறாள். அவள் கணவன் கள்ளுக்கடைக்குப் போவதும் போகாததும் ஊரறிந்தது. நோயாளியின் மெய்ம்மைக்கு நூறு சாட்சிகள் ஒரே வரிசை லயத்தில் குடியிருந்தனர். அதே காரணத்தால் அங்கே அந்தரங்கமும் இல்லை. நோட்டு ஒரு வீட்டுக்காக நிரம்பி இன்னொரு வீட்டுக்காக வெறுமையாய்த் திரும்பியதற்குச் சாதியும் பழைய சண்டையும் காரணமாயிருந்ததுண்டு. பழைய தோட்டத்தை ஒரு தர்மபூமியாக வருணிக்கும் இக்கால வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

நோட்டுக்குப் பக்கபலமாக வேறு சில ஏற்பாடுகளும் இருந்தன. பல தோட்டங்களில் கோயில் சந்தா ஆபீசிலேயே சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மரண சகாய நிதி என்பது பெரும்பாலான தோட்டங்களில் உண்டு. மாதம் சிறு தொகை கட்டிவந்தவர் வீட்டில் சாவு நேர்ந்தால் பெட்டிக்கும் காரியத்துக்கும் பணம் வரும். நோயைக் காட்டிலும் சாவுக்கு நிதி வைப்பது எளிது. சாவின் செலவுக்கு ஓர் எல்லை உண்டு, புற்றுநோயின் செலவுக்கு எல்லை இல்லை. பெண்கள் தங்களுக்குள் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுத்த கூட்டு அவசரத்துக்கு ஒரு மொத்தத் தொகையைத் தந்தது. நோய் கண்ட வீட்டுக்கு முறை தவறி முதலில் கொடுத்துவிடுவதும் நடந்தது. 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம் கூட்டு நடத்துவதைக் குற்றமாக்கிற்று. சட்டத்தால் மோசடிக்காரர்கள் எவ்வளவு ஒடுங்கினார்களோ தெரியாது, லயத்துப் பெண்களின் கூட்டு ஓசையின்றித் தொடர்ந்தது.

சில்லறையாய்ச் சேர்த்துப் பெருந்தொகையாக்கும் கலையில் மலாயாத் தமிழர் தேர்ந்தவர்கள் என்பதற்குச் சரித்திரத்தில் சான்றுகள் மிகுதி. யுத்தம் முடிந்த கையோடு ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைக்குப் போகும் காசைத் தடுப்பதையே தன் முதல் வேலையாகக் கொண்டு கெடாத் தோட்டங்களெங்கும் பரவி 1947-இல் அதிகாரத்தோடு மோதிற்று. ஐம்பதுகளில், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் நிலைப்பதற்காகத் தொடங்கிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குப் பால்மரம் வெட்டுவோர் ஆளுக்கொரு வெள்ளி தந்தனர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாய்த் திரட்டி முதன்முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை. சென்ற தலைமுறையில் செமிலிங்கில் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்கும் சமூகத்தின் நன்கொடைகள் சேர்ந்தன. இவை அனைத்தும் மொழிக்கும் நிலத்துக்கும் கல்விக்கும் ஆனவை. தனியொரு மனிதனின் உடல், அவன் தோட்டத்து எல்லையைத் தாண்டிப் பொதுக் காரியமாவது இன்னும் நிகழவில்லை.

அதே ஐம்பதுகளில் தாயகத்தில் நிகழ்ந்தது வேறு. தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கி, வீடு வீடாகவும் செல்வர் மாளிகைகளிலும் கேட்டுச் சேர்த்த பணத்தில் 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். தண்டிய பொருளை நிவந்தமாக மாற்றிய செயல் அது. ஒரு நோயாளிக்காகத் திரட்டாமல் இனி வரும் நோயாளி அனைவருக்குமாகத் திரட்டினார். மலேசியாவின் வடபகுதியில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது, பிரான்சிஸ்கக் கன்னியர் 1976-இல் பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் நிறுவிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை. லாபநோக்கமற்ற அந்நிலையத்தின் வாசலைக் கெடாவின் தமிழர் பலர் மிதித்திருக்கின்றனர். 1966-இல் தோன்றிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1994-இல் தோன்றிய மக்னா என்னும் தேசியப் புற்றுநோய் மன்றமும் தலைநகரில் மையங்கொண்டவை. அவற்றின் உதவி கெடாவின் உட்புறத் தோட்டத்துக்கு எட்டுவதற்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஓர் ஆசிரியர் வேண்டும்.

தனிமனிதனின் நோயைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோனது பத்திரிகை. சீனப் பத்திரிகைகள் இதில் முன்னோடிகள். 1910-இல் பினாங்கில் தோன்றிய குவாங் வா போன்றவை நோயாளியின் கதையைப் பிரசுரித்து வாசகர் தரும் பணத்தை வாங்கிச் சேர்ப்பித்துக் கணக்கையும் வெளியிடும் முறையை வளர்த்தன. தமிழில், 1924 முதல் வெளிவந்து 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசனும், பிற்காலத்து மலேசிய நண்பனும் மக்கள் ஓசையும் இத்தகைய வேண்டுகோள்களுக்கு இடமளித்தன. ஆயினும் சீனப் பத்திரிகைகளைப்போல் தாமே நிதியாளராய் நின்று கணக்குக் காட்டும் நிரந்தர ஸ்தாபனமாக அது தமிழில் வளரவில்லை. பெரும்பாலும் வட்டாரத் தலைவர் ஒருவர் பொய்க்காசோலை வடிவில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நோயாளியின் கட்டிலருகே நிற்கும் படமாக அது முடிந்தது. நோயாளியின் முகம் பொதுவழிக்கு வந்தது இங்கேதான். நோட்டில் இல்லாத நோயின் பெயரும், நோட்டுக்குத் தேவைப்படாத பரிதாபமும் பத்திரிகைப் பத்தியில் முதன்முதலாக எழுதப்பட்டன.

இதற்கிடையே தோட்டமே கலைந்தது. கித்தாவின் இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு போதும். அக்குறைந்த ஆட்களும் வெளிநாட்டிலிருந்து வந்தனர். சுங்கைப்பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்களாயின. லயம் இடிபட்டவர்கள் பாடாங் செராயின் மலிவு வீடுகளுக்கும், கூலிமின் தொழிற்பேட்டைக்கருகேயும், பிறையின் அடுக்குமாடிகளுக்கும், தலைநகரின் புறத்துக்கும் சிதறினர். தோட்ட ஆஸ்பத்திரி மறைந்ததைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள்; சம்பள நாளின் நோட்டு மறைந்ததைப் பற்றி எழுதினார் இல்லை. கூலி வங்கிக்கணக்கில் விழத் தொடங்கியபின் எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கையில் காசோடு நிற்கும் தருணம் இல்லாமற்போயிற்று. தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கிறார்; கனிவோடு விசாரிக்கிறார்; ஆனால் அவருடைய சகாயச் சங்கம் அவருடைய பள்ளிவாசலோடும் அவருடைய சபையோடும் இணைந்தது.

சிதறியவர்களை மீண்டும் ஒரே முற்றத்தில் கூட்டியது முகநூலே. இன்ன தோட்டத்து மக்கள், இன்ன தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் என்ற பெயர்களில் குழுக்கள் தோன்றின. பழைய படங்களும் கோயில் திருவிழா அழைப்புகளுமாகத் தொடங்கிய அவற்றில் இரண்டாவதாக வந்தவை சாவுச் செய்திகள். மூன்றாவதாக வந்தவை நோய்ச் செய்திகள். அமெரிக்காவில் 2010-இல் கோஃபண்ட்மி தோன்றியதும், இந்தியாவில் அதே ஆண்டு மிலாப்பும் 2012-இல் கெட்டோவும் தோன்றியதும் அறிந்தவையே; அவை இடைநின்று பணம் வாங்கி, இலக்கும் சேர்ந்த தொகையும் திரையில் காட்டுபவை. கெடாத் தமிழரின் திரட்டில் அத்தகைய இடைத்தரகு நிலையங்கள் சிறுபங்கே வகித்தன. இங்கே பெருவழக்காய் அமைந்தது கணக்கு எண்ணையே நேராகப் பகிர்வது. இணைய வங்கி பரவியதும், 2018 இறுதியில் டுவிட்நவ் என்னும் உடனடிப் பணமாற்றுச் சேவை வந்து கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்ப முடிந்ததும் இதற்கு வசதி செய்தன. சிங்கப்பூரில் வேலைசெய்யும் பேரனும், கோலாலம்பூரில் வக்கீலாகிவிட்ட கங்காணியின் பேத்தியும் இருந்த இடத்திலிருந்தே ஐம்பது வெள்ளி அனுப்பினர். 2021-இல் பெருந்தொற்றின்போது வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டி உணவு கேட்கலாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியதற்குப்பின், பகிரங்கமாக உதவி கேட்பதிலிருந்த வெட்கமும் ஓரளவு தேய்ந்தது.

ஆனால் நோட்டிலிருந்து திரைக்கு வந்தபோது சாட்சியின் இடத்தில் சான்று உட்கார்ந்தது. வேண்டுகோள் தோட்டத்துக் குழுவை விட்டு வெளியேறி, நோயாளியை அறியாதவரிடம் போய்ச்சேரும் அக்கணத்தில், அவர் மெய்யாக நோயாளிதானா என்ற வினா எழுகிறது. பிறர் படத்தைத் திருடி வேறு கணக்கு எண்ணைச் சேர்த்துச் சுற்றவிடும் மோசடிகள் நடந்திருப்பதால் அவ்வினாவைக் குற்றம் சொல்லவும் இயலாது. ஆகவே ஆஸ்பத்திரிக் கடிதம், அடையாள அட்டை, கட்டில் எண், மயிர் உதிர்ந்த தலை, குழாய் செருகிய கழுத்து என ஒவ்வொன்றாக வெளியே வைக்கவேண்டியிருக்கிறது. நோயாளி தம் வேதனையைத் தாமே நிரூபிக்கும் கடமைக்கு ஆளாகிறார். தோட்டத்தில் அந்தரங்கம் இல்லை என்றேன்; அங்கே அறிந்தவர்கள் அறிந்தவர்களே. இங்கே அறியாத ஆயிரம் பேர் அறிந்துகொண்டு, நோயாளி மறைந்தபின்னும் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எந்த வேண்டுகோள் பலிக்கிறது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் பெர்லினர், கென்வொர்தி ஆகிய இருவர் 200 வேண்டுகோள்களை ஆராய்ந்து 2017-இல் எழுதிய கட்டுரை, கேட்ட தொகையை எட்டியவை பத்தில் ஒன்றே என்றும், கதையைத் திறம்படச் சொல்லவும் பரப்பவும் வல்லவருக்கே அவ்வழி பயனளித்தது என்றும் காட்டிற்று. கெடாவிலும் இது கண்கூடு. குழந்தையின் ரத்தப்புற்றுக்கு வெகுவேகமாகப் பணம் சேர்கிறது. இளந்தாயின் மார்பகப் புற்றுக்கும் சேர்கிறது. அறுபது வயதுப் பால்வெட்டுக்காரரின் வாய்ப்புற்றுக்கு, அதுவும் அவர் குடித்தவர் என்று யாராவது கீழே ஒரு வரி எழுதிவிட்டால், கை எழுவதில்லை. தமிழில் மட்டும் எழுதிய வேண்டுகோள் தமிழரிடையே நிற்கிறது. படித்த மருமகள் ஒருத்தி அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொடுத்தால் மும்மடங்கு தூரம் போகிறது. பழைய நோட்டில் முதல் வரி எழுதிய பெரிய கிராணியின் வேலையை இன்று ஆயிரக்கணக்கில் பின்பற்றுவோரை உடைய ஒரு நடிகரோ, வானொலி அறிவிப்பாளரோ செய்கிறார். அவர் பகிர்ந்தால் ஒரே இரவில் நிரம்புகிறது, பகிராவிட்டால் மூன்று மாதமாகியும் சில நூறு வெள்ளிகளே. கிராணிக்குத் தம் தோட்டத்து நோயாளிகள் அனைவருக்கும் முதல் வரி எழுதவேண்டிய நிர்ப்பந்தம் இருந்தது. நடிகருக்கு அது இல்லை.

அரசாங்கம் சும்மா இருந்ததென்று சொல்வது நேர்மையாகாது. 2019-இல் தொடங்கிய மைசலாம் திட்டம் குறைந்த வருமானமுடையோருக்குக் கடும்நோய் கண்டால் ஒருமுறை 8,000 வெள்ளி தந்தது. அதே ஆண்டின் பெக்கா பி40 திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சையை இடையில் விடாமல் முடிப்பவருக்கு 1,000 வெள்ளி வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் ஒதுக்கிற்று. பழைய நிவந்தத்தின் ஒரு சாயல் இவற்றில் தென்படுகிறது. போக்குவரத்தைச் செலவாக ஏற்றுக்கொண்டதே பெரிய காரியம். எனினும் பிற்காலத்துக்கென்று இருந்த வேறொரு சேமிப்பு அதே காலத்தில் கரைந்தது: பெருந்தொற்றின்போது ஊழியர் சேமநிதியிலிருந்து உறுப்பினர்கள் ஏறக்குறைய 145 பில்லியன் வெள்ளியை முன்கூட்டியே எடுக்க அனுமதி தரப்பட்டமையால், கடும்நோய்க்கு எடுக்கலாம் என்றிருந்த கணக்கு ஏழைத் தொழிலாளிக்கு வெறுங்கணக்காயிற்று. வடபகுதிக்கென ஒரு புற்றுநோய் மையத்தைச் சுங்கைப்பட்டாணியில் எழுப்பும் திட்டமும் அறிவிக்கப்பட்டுள்ளது. அது எழுந்து நடக்கும் நாளில் கெடாவின் வேண்டுகோள்களில் பினாங்குப் பிரயாணம் என்ற வரி குறையும். கூலி இழப்பு என்ற வரி அப்படியே இருக்கும்.

சட்டத்தின் நிலை விசித்திரமானது. வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கு உரிமம் வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டுச் சட்டம். உண்டியல் ஏந்தியவனை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அது, கணக்கு எண்ணைப் பகிர்பவனை நினைத்துப் பார்த்ததில்லை. பங்கு முதலீட்டுக்குப் பலரிடம் பணம் திரட்டும் தளங்களைப் பத்திர ஆணையம் 2015-இலேயே ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. நன்கொடை அவ்வொழுங்குக்குப் புறம்பானது. இதனால் மிகச் சாதாரணமான ஒரு கேள்விக்கு விதி இல்லை: நோயாளி மாண்டபின் மிச்சப்பணம் யாருடையது? நோயாளியின் பெயரிலுள்ள கணக்கு அவர் இறந்ததும் முடங்கி வாரிசுச் சொத்தாகிறது. அதை மீட்க அரசாங்கச் சொத்துப் பொறுப்பு நிறுவனமான அமானா ராயாவின் படியேற வேண்டும். ஈமச்சடங்குக்குக்கூட அப்பணம் கைக்கு வராது. இதை அனுபவத்தில் கண்டவர்கள் இப்போது மகள் பெயரிலோ தம்பி பெயரிலோ கணக்கைக் கொடுக்கிறார்கள். கொடுத்தவுடன் பணம் நோயாளிக்குத்தான் போகிறதா என்ற சந்தேகம் கூடவே வருகிறது. சில குடும்பங்கள் காரியம் முடிந்த பதினாறாம் நாளுக்குப்பின், வந்தது இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கெழுதி அதே பக்கத்தில் வெளியிட்டு, எஞ்சியதை வேறொரு நோயாளியின் கணக்குக்கு மாற்றிவிடுகின்றன. அதைக் கேட்டவர் எவரும் இல்லை. கேட்கும் சட்டமும் இல்லை.